கருங்கல்மேட்டு வளைவு

சேர்க்கைப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோதே தலைமைக் காவலர் செங்கோடனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘இந்தப் பயிற்சியில் சேர விரும்பும் காரணம்’ என்று ஒரு கேள்வி. கீழே நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். உண்மையான காரணம் ஒரு வரிக்கு மேல் போகாது. கருங்கல்மேடு காவல் நிலையத்திலிருந்து ஓர் ஆளை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. மற்ற எல்லோரும் அன்றைக்குப் பார்த்துக் கையில் ஏதோ வேலை வைத்திருந்தார்கள். செங்கோடன் இப்படி எழுதினார்: ‘சாலைப் பாதுகாப்பின்பால் இளமை முதல் எனக்கு உள்ள தணியாத ஆர்வம்.’ இருபத்திரண்டு வருடமாக ஸ்டேஷன் ரைட்டராக இருப்பவர். இந்த மாதிரி வரிகளுக்கு அவர் யோசிப்பதில்லை. கை தானாக ஓடும்.

ஆறு வாரப் பயிற்சி. முடிவில் ‘சாலை மோதல் தடயவியல் ஆய்வாளர்’ என்று சான்றிதழ். வந்திருந்த அறுபது பேரில் பாதிப் பேர் தண்டனையாக அனுப்பப்பட்டவர்கள். மீதிப் பாதி வீட்டிலிருந்து தப்பித்து வந்தவர்கள். முதல் நாள் அரங்கத்தில் குளிர்சாதனம் ஓட ஆரம்பித்ததும் கடைசி மூன்று வரிசையும் தலை சாய்த்துவிட்டது. செங்கோடன் தூங்கவில்லை. இந்தக் கூத்து எதுவரை போகிறது என்று பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது.

மேடையில் பயிற்சி மையத்தின் இயக்குநர் முனைவர் வித்யாசங்கர் பேசினார். வெள்ளை வெளேரென்ற காலணி. விபத்து நடந்த தார் ரோட்டில் ஒருமுறையாவது அந்தக் காலணி நின்றிருந்தால் அது அந்த நிறத்தில் இருக்காது என்று செங்கோடன் நினைத்துக்கொண்டார்.

“‘தராசு’ என்ற நம் இயந்திரத்துக்குத் தூக்கம் இல்லை, லஞ்சம் இல்லை, சாதி இல்லை,” என்றார் இயக்குநர். “வண்டிக்குள் இருக்கும் சாட்சிப் பெட்டி, சாலையோரக் கேமரா, நெடுஞ்சாலை வரைபடம் எல்லாவற்றையும் அது படிக்கும். மோதல் நடந்து பதினோரு நிமிடத்துக்குள் யார் மேல் எத்தனை சதவீதம் தவறு என்று சொல்லிவிடும்.”

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். உதவி ஆய்வாளர் ஜெபசீலி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, இருபத்தேழு வயது, இயற்பியல் படித்தவள். அறுபது பேரில் நோட்டும் அளவுகோலும் கொண்டு வந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

“அதுவே சொல்லிடும்னா நாங்க எதுக்கு சார்?”

“நல்ல கேள்வி. இயந்திரத்தைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சான்றிதழ் பெற்ற ஒரு மனிதர் அதைப் படித்து, ஒப்புக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனிதர் நீங்கள்.”

“சரியாப் போச்சு,” என்றார் செங்கோடன் பக்கத்து நாற்காலிக்காரரிடம். “மிசினுக்கு எல்லாம் இருக்குது, பெருவிரல்தான் இல்லீங்களாமா. அதுக்கு நம்மளக் கூப்புட்டிருக்காங்க.”

பக்கத்து நாற்காலிக்காரர் குறட்டை விட்டார்.

தேர்வு இதுதான். முடிந்துபோன நாற்பது பழைய வழக்குகள் கொடுப்பார்கள். ஒவ்வொன்றையும் படித்து யார் தவறு என்று எழுத வேண்டும். முப்பத்தாறு விடை தராசின் விடையோடு ஒத்துப்போனால் சான்றிதழ். வெள்ளிக்கிழமைதோறும் பயிற்சித் தேர்வு. முதல் வெள்ளிக்கிழமை முடிவு ஒட்டியபோது செங்கோடன் முப்பத்தொன்பது வாங்கியிருந்தார். ஜெபசீலிக்கு இருபத்து நான்கு.

மறுநாள் காலை மெஸ்ஸில் அவர் வடையைப் பிட்டுச் சாம்பாரில் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ஏட்டய்யா, ஒரு நிமிஷம். நாப்பது கேஸையும் இருபது நிமிஷத்துல முடிச்சிட்டு வெளிய போயிட்டீங்க. ஒவ்வொண்ணுலயும் அறுபது பக்கம் டேட்டா கெடக்கு. எப்படிப் படிச்சீங்க?”

“நான் எங்கீங்க மேடம் படிச்சேன்?”

“பின்ன?”

“மொதப் பக்கத்துல யாரு செத்தான், யாரு உசுரோட இருக்கான்னு போட்டிருக்குதுங்க. அது போதும். ரெண்டு வண்டின்னா பெரிய வண்டிக்காரன் மேல தப்பு. ஒத்த வண்டி கவுந்துச்சுன்னா ஓட்டுனவன் மேல. நடந்து போனவன் செத்தா குடிச்சிருந்தான். சர்க்கார் வண்டின்னா எதுக்க வந்தவன் மேல. ரோடு எப்பவும் நல்லாத்தான் இருக்கும். அவ்வளவுதானுங்க.”

“இதுல கணக்கே இல்லையே. பிரேக் போட்ட தூரம், திரும்பின கோணம், ஒண்ணும் வேண்டாமா?”

“அதெல்லாம் பாத்தீங்கன்னா இருபத்து நாலுதான் வரும்.” செங்கோடன் வடையை வாயில் போட்டார். “நான் இருபத்திரண்டு வருசமா எஃப்.ஐ.ஆர். இப்படித்தான் எழுதறனுங்க. என்ன மாயமோ தெரியல, அத்தனை கோடி போட்டுச் செஞ்ச மிசினும் அச்சு அசலா அப்படியே எழுதுது.”

ஜெபசீலி சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமை வகுப்பில் கையைத் தூக்கினாள்.

“சார், தராசுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது? எதைப் பாத்துப் படிச்சுது?”

இயக்குநரின் முகம் மலர்ந்தது. யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல, “உங்களைப் பார்த்துத்தான்!” என்றார். “இந்த மாநிலத்தின் இருபதாண்டு விபத்து வழக்குகள். ஒன்பது லட்சம் முதல் தகவல் அறிக்கைகள். காவல் துறையின் மொத்த அனுபவ அறிவும் அதற்குள் இருக்கிறது.”

செங்கோடன் வாய்விட்டுச் சிரித்தார். தூங்கிக்கொண்டிருந்த மூன்று வரிசையும் விழித்துத் திரும்பிப் பார்த்தது. அவரால் அடக்க முடியவில்லை. ஒன்பது லட்சம்! அவை எப்படி எழுதப்பட்டன என்று அவருக்குத் தெரியாதா? ஒரு பழைய அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வண்டி எண்ணையும் பெயரையும் மட்டும் மாற்றி, ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதி, டீ ஆறுவதற்குள் முடித்தவை. அவர் மாதிரி ஆயிரம் ரைட்டர்கள். அவர்களுடைய சோம்பேறித்தனத்தை அள்ளிக் கொட்டி வைத்துக்கொண்டு இந்த மனிதர் அதற்கு அனுபவ அறிவு என்று பெயர் சூட்டுகிறார். மாலை வரை நினைத்து நினைத்துச் சிரித்தார் செங்கோடன்.

மூன்றாவது வாரம் அந்தச் சிரிப்பு நின்றது.

அன்று இயக்குநர் சொன்னார்: “இதுவரை பழைய வழக்குகள் பார்த்தோம். இன்று ஒரு புது வழக்கு. இன்னும் யாரும் கையெழுத்துப் போடாதது.”

திரையில் ஒரு வளைவு தெரிந்தது. புளியமரம், மஞ்சள் அடித்த கல், பின்னால் மூடிக் கிடக்கும் செங்கல் சூளை. செங்கோடனுக்குப் பெயர்ப்பலகை தேவைப்படவில்லை. அவருடைய ஸ்டேஷனிலிருந்து நான்கு கிலோமீட்டர்.

“கருங்கல்மேடு புறவழிச்சாலை. பள்ளி வேன். ஓட்டியவர் தனக்கொடி, முப்பத்து நான்கு வயது. காலையில் குழந்தைகளை ஏற்றக் கிளம்பியிருக்கிறார். வேனில் அப்போது அவருடைய சொந்த மகள் மட்டும்தான் இருந்தாள். வளைவில் வேன் வெளிப்பக்கமாகச் சரிந்து உருண்டிருக்கிறது. மகள் அங்கேயே இறந்துவிட்டாள். தராசு சொல்வது, ஓட்டுநர் மேல் தொண்ணூற்று மூன்று சதவீதம். எண்பதைத் தாண்டிவிட்டால் புதிய சட்டப்படி ஜாமீன் இல்லை. அவர் சிறையில் இருக்கிறார்.”

திரையில் முதல் தகவல் அறிக்கை வந்தது. செங்கோடன் ஊரில் இல்லாததால் அவர் இடத்தில் உட்கார்ந்திருந்த காவலர் எழுதியது. அவர் மேஜை இழுப்பறையில் விட்டுவந்த பழைய அறிக்கையைப் பார்த்து எழுதியிருந்தான். வரிக்கு வரி அவருடைய வாசகம். கடைசியில் ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது: ‘நான்தான் என் மகளைக் கொன்றுவிட்டேன் என்று மேற்படி தனக்கொடி மருத்துவமனையில் தானே முன்வந்து கூறினார்.’

“சார், சாட்சிப் பெட்டி டேட்டாப்படி அவ நாப்பதுல தானே போயிருக்கா?” ஜெபசீலி எழுந்து நின்றிருந்தாள். “நாப்பதுல போன வேன் எப்படி உருளும்? அந்த ரோட்டை யாராச்சும் அளந்தாங்களா?”

“நெடுஞ்சாலை வரைபடம் இருக்கிறதே. அதில் சாய்வு சரியாக இருக்கிறது.”

“வரைபடத்துல இருக்கும். ரோட்டுல?”

“மேடம்,” இயக்குநர் பொறுமையாகப் புன்னகைத்தார். “இங்கே தராசு இவ்வளவு உறுதியாக இருக்கக் காரணமே இந்த இடத்தின் வரலாறுதான். இந்த வளைவில் முன்பு பதினேழு மரண விபத்துகள். பதினேழிலும் ஓட்டுநர் தவறு என்று பதிவாகியிருக்கிறது. பதினேழு முறை ஒரே முடிவு என்றால் அதைவிட உறுதி வேறென்ன வேண்டும்?”

பதினேழையும் எழுதியது யார் என்று அவர் பார்க்கவில்லை. செங்கோடன் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபசீலி ஒரு கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வைத்திருந்தாள். “உங்க ஊர்தானே, வழி காட்டுதீங்களா?” என்று கேட்டாள். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். வெயிலில் செங்கோடன் சிவப்புத் துணியைக் காட்டி லாரிகளை நிறுத்த, அவள் சாலையின் குறுக்கே நீளப் பலகையைப் போட்டு அதன்மேல் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. இடத்தை மாற்றினாள். மறுபடியும் அதே பக்கம்.

“வளைவுல வெளி ஓரம்தான் ஒசந்திருக்கணும், ஏட்டய்யா. அப்பத்தான் வண்டி உள்பக்கமாச் சாஞ்சு பிடிச்சுக்கிட்டுத் திரும்பும். இங்க தலைகீழா இருக்கு. ரோடே வண்டியை வெளிய தள்ளுது. வேன் மாதிரி ஒசரமான வண்டி நாப்பதுல போனாலும் போயிரும்.” நோட்டில் எழுதிக்கொண்டே நிமிர்ந்தாள். அவர் ஆச்சரியப்படவில்லை என்பதைப் பார்த்துவிட்டாள். “உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

“மழை பேஞ்சாத் தெரியுமுங்க,” என்றார் செங்கோடன். “விபத்து நடந்த எடத்தப் பாத்துப் பார்வை மகஜர் எழுத மழையில நின்னிருக்கறேன். தண்ணி பூராவும் வெளிப்பக்கமாத்தான் ஓடும். ரோட்டப் புதுசாப் போட்டதுல இருந்தே அப்படித்தான். பதினாலு வருசம் ஆச்சு.”

“யார்ட்டயும் சொல்லலியா?”

“மொதத் தடவ சொன்னனுங்க. அப்ப இருந்த இன்ஸ்பெக்டரு ‘ரோட்டுக்கு யாருய்யா சம்மன் குடுக்கறது’ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்பறம் சொல்லல.”

ஜெபசீலி ரசமட்டத்தைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். திரும்பும் பேருந்தில் அவர் பக்கத்தில் இடம் இருந்தும் இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தாள். செங்கோடன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நேற்றுப் பிறந்தவள், இரண்டு வருடம் ஸ்டேஷனில் உட்கார்ந்தால் தெரியும் என்று நினைத்தார். அந்த நினைப்பு வழக்கமாகக் கொடுக்கும் ஆறுதலை அன்று கொடுக்கவில்லை.

அவள் அளவுகளையெல்லாம் எழுதி இயக்குநரிடம் கொடுத்தாள். ‘சான்றிதழ் பெறாத நபரின் அளவீடு ஏற்கத்தக்கதல்ல’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. செங்கோடனே அவளைத் தேடிப் போனார்.

“மேடம், கோவிச்சுக்காமக் கேளுங்க. தேர்வுல மிசின் சொல்றதையே எழுதிருங்க. முப்பத்தாறு போதும். சர்டிபிகேட்ட வாங்கிட்டு, அப்பறம் இந்தக் கேசுல போயி உண்மையச் சொல்லுங்க. சர்டிபிகேட் இல்லாதவங்க பேச்சு கோர்ட்ல ஏறாதுங்க.”

“அந்த முப்பத்தாறு கேஸ்லயும் ஆள் இருக்காங்கல்லா?”

“அதெல்லாம் முடிஞ்சுபோன கேசுங்க.”

“எழுதினவருக்கு முடிஞ்சிருக்கும், ஏட்டய்யா.”

தேர்வில் ஒவ்வொரு வழக்கையும் அவள் முழுதாகப் படித்தாள். இருபத்தேழு வாங்கினாள். ‘திறமை உண்டு, ஒப்புதல் மனப்பான்மை போதாது’ என்று குறிப்பு எழுதி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். தூங்கியவர்களையும் சேர்த்து ஐம்பத்தோரு பேர் தேறினார்கள். செங்கோடனின் வழிமுறை இரண்டாவது வாரத்திலேயே விடுதி முழுக்கப் பரவியிருந்தது. நாற்பதுக்கு நாற்பது வாங்கிய செங்கோடனுக்குச் சால்வை போர்த்தினார்கள். ‘மனிதனும் தராசும் ஒன்றாகும் இடம் இது’ என்று இயக்குநர் அவர் தோளில் கை போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் செங்கோடனின் முகத்தைப் பார்ப்பவர்கள் அதைப் பெருமிதம் என்றுதான் நினைப்பார்கள்.

மாவட்டத்தில் சான்றிதழ் பெற்றவர் அவர் ஒருவர்தான். ஆகவே கருங்கல்மேடு வழக்கு அவருடைய கணினிக்கே வந்து சேர்ந்தது. பதினான்கு பக்க அறிக்கையைத் தராசு எழுதி முடித்திருந்தது. அடியில் ‘ஒப்புகிறேன்’ என்று பச்சையில் ஒரு பெரிய பொத்தான். அதற்குக் கீழே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற சாம்பல் எழுத்தில், ‘மறுக்கிறேன்’. மாநிலத்தில் அதுவரை ஒருவரும் அதை அழுத்தியிருக்கவில்லை.

அவர் அழுத்தினார்.

இரக்கத்தால் அழுத்தினார் என்று சொன்னால் அது பொய். தனக்கொடி என்ற பெண்ணை அவர் பார்த்தது கூட இல்லை. அவருக்கு அந்த வெள்ளைக் காலணி நினைவில் இருந்தது. தோளில் விழுந்த கை நினைவில் இருந்தது. இவர்களையெல்லாம் ஒருமுறை நடுச்சபையில் நிறுத்தி, ‘நீங்கள் கட்டிய கோபுரம் என்னுடைய டீ நேரத்துக் கிறுக்கல்’ என்று சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டார். காரணம் எழுதும் இடத்தில் ஜெபசீலியின் அளவுகளைச் சேர்த்தார். தானும் ஒரு கொத்தனாரைக் கூட்டிப் போய் மறுபடி அளந்து, படம் எடுத்து இணைத்தார்.

இன்ஸ்பெக்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினார். பிறகு இயக்குநர் தொலைபேசியில் வந்தார்.

“நாற்பதுக்கு நாற்பது வாங்கிய நீங்களா? இது தராசின் நம்பகத்தன்மைக்கே...”

“நாப்பது எப்படி வாங்கினேன்னு கோர்ட்ல சொல்லட்டுங்களா சார்?”

மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த வாரம் முழுவதும் செங்கோடன் நன்றாகச் சாப்பிட்டார்.

வழக்கு விசாரணைக்கு வர மூன்று மாதம் ஆனது. கூண்டில் ஏறி நின்றபோது அவருக்குக் கல்யாண வீட்டுக்கு வந்தது போல இருந்தது. எதிர்ப்பக்கம் குற்றவாளிக் கூண்டில் ஒல்லியாக ஒரு பெண் தலை குனிந்து நின்றாள். அவர் சரியாகப் பார்க்கவில்லை. நீதிபதி கேட்கக் கேட்கச் சாலையின் சாய்வை விளக்கினார். மழைத் தண்ணீர் எப்படி ஓடும் என்று கையால் காட்டினார். அளந்தது உதவி ஆய்வாளர் ஜெபசீலி, சரியாக அளந்ததால் தேர்வில் தோற்றவர் என்றார்.

அரசு வழக்கறிஞர் ஒரு கட்டுத் தாளை உயர்த்திப் பிடித்தார். “இதே வளைவில் பதினேழு வழக்குகள். பதினேழு முதல் தகவல் அறிக்கையும் உங்கள் கையெழுத்தில். பதினேழிலும் ஓட்டுநர் தவறு. நீங்கள் அப்போது பொய் சொன்னீர்களா, இப்போது பொய் சொல்கிறீர்களா?”

“அப்பங்க,” என்றார் செங்கோடன்.

“என்ன?”

“அப்பத்தான் பொய் சொன்னேன். இப்ப சொல்றது நெசம். வேணும்னா அந்தப் பதினேழும் எப்படி எழுதினேன்னு சொல்றனுங்க.”

சொன்னார். பழைய அறிக்கையைப் பக்கத்தில் வைப்பது, பெயரை மாற்றுவது, பெரிய வண்டி, சின்ன வண்டி, செத்தவன், குடித்தவன், எல்லாம் சொன்னார். அதைப் படித்துத்தான் தராசு அறிவாளியானது என்றார். இன்ஸ்பெக்டரும் தானும் சிரித்ததைச் சொன்னார். பெயர் மாற்ற மறந்து, செத்துப்போனவர் ஒருவரை அடுத்த விபத்திலும் சாகடித்த கதையைச் சொன்னபோது வழக்கறிஞர்கள் பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. எழுத்தர் சிரித்தார். நீதிபதியே வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் செங்கோடனுக்கு இப்படி ஒரு நாள் அமைந்ததில்லை. இயக்குநர் கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தராசின் அறிக்கையை ஏற்க முடியாது என்றும், தனக்கொடி மேல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றும், அவரை உடனே விடுவிக்கலாம் என்றும் நீதிபதி மதியத்துக்குள் சொல்லிவிட்டார்.

வெளியே நீதிமன்ற வராந்தாவில் செங்கோடன் தூணோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பத்திரிகைக்காரர்கள் பேசிவிட்டுப் போயிருந்தார்கள். அப்போது அந்தப் பெண் படியேறி அவரை நோக்கி வந்தாள். கூட அவளுடைய அண்ணன் மாதிரி ஓர் ஆள், அவனைப் படியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து, அதற்குத் தகுந்த அடக்கமான முகம் ஒன்றை அவர் தயார் செய்துகொண்டார்.

“ஏனுங்க,” என்றாள். “அந்த ரோடு அப்படிக் கெடக்குதுன்னு உங்களுக்கு எப்ப இருந்து தெரியுமுங்க?”

“அது... ரோடு போட்டதுல இருந்தே. பதினாலு வருசமாத் தெரியும்மா.”

“எம்புள்ளைக்கு எட்டு வயசுங்க.”

செங்கோடன் தயார் செய்து வைத்திருந்த முகம் எங்கே போனது என்று தெரியவில்லை.

“நாலு மாசத்துக்கு மேல நான்தான் கொன்னேன்னு இருந்தனுங்க,” என்றாள் தனக்கொடி. குரல் ஏறவே இல்லை. “கண்ண மூடுனா ஸ்டீரிங்கத் திருப்பிட்டே இருப்பேன். இன்னுங் கொஞ்சம் முன்னாலயே திருப்பியிருந்தா, இன்னுங் கொஞ்சம் மெதுவாப் போயிருந்தான்னு. செயில்ல ஒரு வாய் சோறு எறங்கலீங்க. இன்னிக்கு உள்ளார நீங்க சொல்லச் சொல்ல எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களுந்தான் சிரிச்சீங்க.”

“அதான் கோர்ட்ல விட்டுட்டாங்களேம்மா. உம் மேல தப்பு இல்லேன்னு...”

“அது எனக்கு இப்பத் தெரியுதுங்க. தப்பு யாரு மேலன்னும் தெரியுது.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழவில்லை, வியர்வைதான். “எனக்கு ஒரு புகார் எழுதோணுங்க. படிக்கத் தெரியும், ஆனா சட்டப்படி எழுத வராது. நீங்க ரைட்டருன்னு சொன்னீங்களே, எழுதிக் குடுங்க.”

“யார் மேலம்மா புகார்?”

“உங்க மேலதானுங்க.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோபத்தில் சொன்னது போலவும் இல்லை. ரேஷன் கடையில் நின்று தன் அட்டைக்கு உரியதைக் கேட்கிறவள் போல நின்றிருந்தாள். இத்தனை வருடத்தில் அவரைத் திட்டியவர்கள் உண்டு, காலில் விழுந்தவர்கள் உண்டு. அவரை இப்படிப் பார்த்தவர்கள் இல்லை. இயக்குநரை அவர் பார்த்த பார்வை அது. அதில் அவருக்குப் பரிச்சயம் இல்லாதது எதுவும் இல்லை, தன் மேல் விழுகிறது என்பதைத் தவிர.

போய்விடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் செங்கோடன் உள்ளே போய் எழுத்தரிடம் இரண்டு வெள்ளைத் தாள் வாங்கிவந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் உட்காரவில்லை. கை வழக்கம்போல ஓட ஆரம்பித்தது. அனுப்புநர், பெறுநர், ஐயா, மேற்படி முகவரியில் வசித்து வரும் நான். மகளின் பெயர் கேட்டார். மகிழ்விழி என்றாள். எழுதினார். அதற்கு அப்புறம் கை நின்றது. அடுத்த வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதப் பழைய தாள் எதுவும் இருக்கவில்லை. மறுபடி ஆரம்பித்தபோது மெதுவாக எழுதினார், அடித்தார், எழுதினார். முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

“படிங்க,” என்றாள்.

படித்தார். “...மேற்படி தலைமைக் காவலர் செங்கோடன் என்பவர், மேற்படி சாலையின் குறைபாட்டைக் கவனக்குறைவால் பதினான்கு ஆண்டுகளாக மேலதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்காமல்...”

“நிறுத்துங்க. கவனக்குறைவுன்னா என்னங்க?”

“கவனிக்காம விட்டுடறதும்மா.”

“நீங்க கவனிச்சீங்கல்ல? மழைத்தண்ணி ஓடறதக்கூட நின்னு பாத்தீங்கல்ல?”

படியில் நின்றிருந்த அண்ணன் திரும்பிப் பார்த்தான். வராந்தாவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். செங்கோடன் பேனாவைத் திறந்து, அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு போட்டார். அதற்கு மேலே ‘தெரிந்தே’ என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தை இட்டார்.

“மறுபடி மொதல்ல இருந்து படிங்க.”

மறுபடி படித்தார். அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தாள். பிறகு தாளை வாங்கித் தூணில் வைத்து, எழுத்துக் கூட்டி, தன் பெயரை எழுதினாள்.

“இத எங்க குடுக்கறதுங்க?”

“கருங்கல்மேடு ஸ்டேஷன்லதாம்மா.”

“அங்க யாரு வாங்குவாங்க?”

“ரைட்டர்தான் வாங்கோணும். நாந்தான்.”

தனக்கொடி தாளை நான்காக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டாள். அவரிடம் கொடுக்கவில்லை.

“அப்ப வாங்க, போலாம்,” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.